யோசேப்பின் தங்கச்சி

யோசேப் அஜந்தினியின் கையைப் பிடித்துவிட்டார் என்ற கதையை டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற இந்த பிராண்டேயில் முதலில் யார் தொடக்கிவைத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஆளின் வீட்டு வாசலில் போய் நின்று நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன். கேட்டு என்ன பயன் என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு பயனும் இல்லைதான். ஆனால் மாக்கிரட்டாகிய என் வாய் சும்மா இருக்காது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அப்படிப்பட்ட வாயை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பூட்டி வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

யோசேப் கார் ஓடப் பழக்குகிறவர். எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சனத்தில் பாதிப்பேருக்கு லைசென்ஸ் கிடைத்தது அவரால்தான். டேனிஷில் இருக்கிற வீதிச் சட்டங்களை வீட்டுக்கே வந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு, தமிழில் விளங்கப்படுத்துவார். நான் பழகின காலத்தில் வலப்பக்கம் வருகிற சைக்கிளைப் பார்க்காமல் திரும்பிவிடுவேன். அந்தச் சைக்கிளில் வருவது உங்கள் மாமியார் என்று நினைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்பார். மாமியார் என்றால் இன்னும் வேகமாகத் திருப்புவேன் என்று நான் சொல்ல, மனுசன் சிரித்துச் சிரித்துத் தானே பிரேக்கை அமத்தினார். பெண்களுக்குப் பழக்கும்போது ஸ்டியரிங்கில் கை வைக்கமாட்டார். பத்திரிகை ஒன்றைச் சுருட்டி வைத்திருப்பார். திருப்ப வேண்டிய பக்கத்தை அதனால் தட்டிக் காட்டுவார். இவர் என்ன ஈ கலைக்கிறாரா என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அந்த மனிதரைப் பற்றித்தான் இந்தக் கதை வந்தது.

அஜந்தினி என்னோடு வேலை செய்தவள். பேனாட்டைக் கல்யாணம் முடித்து வன்னியிலிருந்து வந்தவள். நாலு வயதில் சாரங்கி என்றொரு மகள். பிளாஸ்டிக் பெட்டிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எங்களுக்கு விடியற்கால ஷிப்ட். போகும்போதும் வரும்போதும் அவளை என் காரில்தான் ஏற்றிக்கொள்வேன். அதிகம் கதைக்கமாட்டாள். ஆனால் நான் சொல்லும் பகிடிகளுக்கு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, நேரம் கழித்துச் சிரிப்பாள். எனக்கு அவளில் தனிப் பட்சம்.

போன வருடம் தொழிற்சாலைக்காரர் எங்கள் பகுதியை வேறு ஊருக்கு மாற்றப்போவதாக அறிவித்தார்கள். முழங்கால் நோவோடு திரிகிற என்னைப் பழைய இடத்திலேயே பொதி கட்ட விட்டார்கள். அஜந்தினி புது இடத்துக்குப் போகவேண்டும். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் இல்லை. காற்றாலைக்கு இறக்கை செய்கிற இடத்தில் வேலை செய்யும் பேனாட்டுக்கு வேறு ஷிப்ட், வேறு திசை. பிராண்டேயில் கார் ஓடத் தெரியாதவளுக்குக் கால் இருந்தும் இல்லாத மாதிரித்தான். அவளுக்கோ வேலை போகக்கூடாது. நிரந்தர விசா கேட்பதென்றால் வேலை அறாமல் தொடர்ந்து இருக்க வேண்டும். அதோடு ஊரில் தாயும் கல்யாணம் ஆகாத தங்கச்சியும் அவளுடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தான் கார் பழக வரவில்லை, பயமாக இருக்கிறது என்றுதான் முதலில் சொன்னாள். பூட்டின காருக்குள் அந்நிய ஆணோடு தனியே இருக்க முடியாது என்றாள். வெட்கம் என்று நானும் பேனாட்டும் நினைத்தோம். யோசேப் எங்களுடைய ஆள், கோயில் குளம் என்று திரிகிற மனிதர், தகப்பன் மாதிரி என்று சொல்லி அனுப்பிவைத்தோம். முதல் நாட்களில் நன்றாகத்தான் போனது. காரில் ஏறும்போது நடுங்குகிறாள், ஆனால் ஓடத் தொடங்கினால் ஒரு பிழை விடுகிறாள் இல்லை என்று யோசேப்பே என்னிடம் சொன்னார்.

யோசேப்பிடம் ஒரு வழக்கம் உண்டு. அது எங்கள் சனம் எல்லோருக்கும் இருக்கிற வழக்கம்தான். புதிதாக ஒருவரைக் கண்டால் ஊரில் எந்த இடம், யாருடைய ஆட்கள், கடைசிச் சண்டையில் எங்கே நின்றீர்கள், எந்த முகாம் என்று கேட்போம். நாங்கள் அதை அன்பாகத்தான் கேட்கிறோம். யோசேப் மற்றவர்களைவிட ஒரு படி அதிகமாகக் கேட்பார். அவருடைய தங்கச்சி ஸ்ரெபானி இரண்டாயிரத்து ஒன்பதில் சண்டை முடிந்து முகாமுக்கு வந்தவள். முகாமில் அவளைக் கண்டதாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. வன்னியிலிருந்து வந்த யாராவது பழக வந்தால், கொஞ்சம் பயம் தெளியட்டும் என்று பொறுத்திருந்து, ஒரு நாள் காரை ஓரம் கட்டச் சொல்லி, தங்கச்சியின் படத்தை எடுத்துக் காட்டி, இவளை எங்கேயாவது கண்டீர்களா என்று கேட்பார். இல்லை என்பார்கள். சரி, போவோம் என்பார். இத்தனை வருடங்களாக இப்படித்தான்.

அஜந்தினியிடமும் காட்டினார். கடைகளுக்கு முன்னால் இருக்கிற கார் நிறுத்துமிடத்தில், பட்டப்பகலில். படத்தைப் பார்த்தாள். கதவைத் திறந்தாள், இறங்கினாள், மழைக்குள் நடக்கத் தொடங்கினாள். யோசேப் பின்னால் போய்க் கூப்பிட்டதும் ஓடியிருக்கிறாள். சாமான் வாங்கிக்கொண்டு வந்த றெஜினா அதைக் கண்டாள். தலை குலைந்தபடி அழுதுகொண்டு ஓடுகிற பெண், பின்னால் கூப்பிட்டுக்கொண்டு வருகிற ஆண். செபக் கூட்டங்களை நடத்துகிற றெஜினா கெட்டவள் அல்ல. ஆனால் கண்டதைச் சொல்லாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. கண்டதோடு கொஞ்சம் சேர்க்காமல் இருக்க அதைக் கேட்டவர்களுக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறுக்கிடையில் தூரத்து எஸ்பியர்க் பட்டினம் வரைக்கும் கதை போய்விட்டது.

அவள் அப்படி ஓடின அடுத்த நாள், தொழிற்சாலை இன்னும் இடம் மாறவில்லை, வேலை முடிந்து என் காரில் வரும் வழியில், என்னடி நடந்தது, அந்த ஆள் ஏதும் செய்தாரா என்று நானும்தான் கேட்டேன். காரை நிறுத்தச் சொன்னாள். ஒரு சோள வயலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். என் பக்கம் ஒரு தடவையும் திரும்பவில்லை.

முகாமில் பெயர் கூப்பிட்டு விசாரணைக்கு என்று சொல்லித்தான் அவளைக் கொண்டுபோயிருக்கிறார்கள். சனம் விட்டுப்போன ஒரு வீடு. அதில் ஓர் அறை. அந்த அறையில் இவளுக்கு முன்பே இன்னொருத்தி இருந்தாள். அந்த வீட்டில் நடந்ததை அஜந்தினி எனக்குச் சொன்னாள். நான் அதை உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. உங்களுக்கு விளங்கும். விளங்காவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம். ஆமிக்காரர் வரும்போதெல்லாம் மற்றவள் முன்னுக்கு வந்து, இது சின்னப்பிள்ளை, இதை விடுங்கோ என்று கெஞ்சுவாளாம். இரண்டு பேருக்கும் உரியதை அவளுக்கே கொடுத்தார்களாம். பிறகு காய்ச்சல் வந்தது. தன் அண்ணை டென்மார்க்கில் இருக்கிறார், ஆள் பிடித்து எங்கள் இரண்டு பேரையும் எடுத்துவிடுவார் என்று காய்ச்சலுக்குள்ளும் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அஜந்தினியின் மடியில்தான் உயிர் போனது. அவளுடைய பெயர் ஸ்ரெபானி.

அண்ணை என்ற சொல்லும் டென்மார்க் என்ற பெயரும்தான் அஜந்தினிக்குத் தெரிந்திருந்தது. அந்த அண்ணை தனக்குப் பக்கத்தில் சுருட்டிய பத்திரிகையோடு இருந்து பிரேக்கை மெல்ல விடுங்கோ பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்தான் என்பது படத்தைக் கண்டபோதுதான் தெரிந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யாரோடு கோபப்படுவது? அந்த வீட்டில் நின்றவர்களுக்கு பிராண்டே என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. அவர்கள் இப்போது எங்கேயோ பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஸ்ரெபானி செத்துப்போனதையாவது யோசேப்பிடம் சொல்லிவிடு என்றேன். அஜந்தினி அப்போதும் வைப்பரைத்தான் பார்த்தாள்.

"செத்துப்போனா எண்டால் உனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேப்பினம் அக்கா. பக்கத்திலை இருந்தனான் எண்டால், நீ என்னெண்டு அங்கை இருந்தனி எண்டு கேப்பினம். அதுக்குப் பிறகு பேனாட் கேப்பார்."

பேனாட் ஏன் கேட்பார் என்று எனக்குத் தெரியும். கல்யாணம் பேசும்போது பேனாட்டின் வீட்டார் ஆள் விட்டு விசாரித்தார்கள். வன்னிப் பெண் என்றால் எல்லா வீட்டிலும் விசாரிக்கிற விஷயம்தான் அது. பிள்ளை ஆமியிடம் பிடிபட்டு இருந்ததோ என்று கேட்டார்கள். இல்லை என்று தாய் மாதாவின் படத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணினாள். அந்தச் சத்தியத்தின் மேல்தான் கல்யாணம் நடந்தது. சாரங்கி பிறந்ததும் அதன் மேல்தான். ஊரில் தங்கச்சிக்கு இப்போது வருகிற கல்யாணப் பேச்சுக்கால்களும் அதை நம்பித்தான் வருகின்றன. அஜந்தினி ஒரு வசனம் சொன்னால் எல்லாம் போய்விடும். யாருக்கும் சொல்லமாட்டேன் என்று அவளுடைய கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். பண்ணும்போது அது எவ்வளவு பெரிய பாரம் என்று எனக்குத் தெரியவில்லை.

பேனாட் நல்ல பொடியன். மனைவியை ஒரு சொல் சொல்லமாட்டான். ஆனால் கதை அவன் காதுக்கு எட்டியதும் நேரே யோசேப்பின் வீட்டுக்குப் போய், அவருடைய பிள்ளைகளுக்கு முன்னாலேயே சேட்டுக் கொலரைப் பிடித்துவிட்டான். யோசேப்பின் மனைவி புஷ்பராணி குறுக்கே வந்திராவிட்டால் அடித்திருப்பான். யோசேப் அண்ணை ஒன்றும் செய்யவில்லை என்று அஜந்தினி அவனிடம் காலில் விழாத குறையாகச் சொன்னாள். அதை யார் நம்பினார்கள்? எங்கள் சனத்தின் புத்தி அப்படி. ஒருத்தி நடந்தது என்றால், அவளுடைய நடத்தை எப்படி என்று கேட்போம். நடக்கவில்லை என்றால், பாவம், வெட்கத்தில் மறைக்கிறாள் என்போம். அவள் எவ்வளவுக்கு இல்லை என்றாளோ அவ்வளவுக்குக் கதை உறுதியானது. பயப்படாமல் உண்மையைச் சொல்லு என்று பேனாட் அவளைத் தடவித் தடவிக் கேட்டானாம். நடக்காத ஒன்றைச் சொல்லச் சொல்லி அவன் கெஞ்ச, நடந்த ஒன்றைச் சொல்ல முடியாமல் அவள் இருந்தாள். பொலிஸுக்குப் போவோம் என்று அவன் வெளிக்கிட்டபோது, அவள் மயங்கி விழுந்துவிட்டாள். அதையும் சனம் தனக்கு ஏற்ற மாதிரித்தான் எடுத்தது.

நான் சும்மா இருக்கவில்லை. றெஜினா வீட்டுச் செபக் கூட்டத்தில், செபமாலை முடிந்து பலகாரம் வந்த கையோடு, யோசேப் அப்படிப்பட்ட ஆள் இல்லை, நான் பழகினேன், என் மகள் பழகினாள், இங்கே இருக்கிற முக்கால்வாசிப் பேர் பழகினீர்கள், ஒருவருக்காவது அந்த ஆளின் விரல் பட்டதா என்று சத்தமாகவே கேட்டேன். எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள்.

"அப்ப அந்தப் பிள்ளை ஏன் அழுதுகொண்டு இறங்கி ஓடினது?" என்று றெஜினா கேட்டாள். "நீங்கள் தானே அவளோடை ஒவ்வொரு நாளும் போறனீங்கள். உங்களுக்குத் தெரியுமெண்டால் சொல்லுங்கோவன்."

எனக்குத் தெரியும். தெரிந்த ஆள் நான் ஒருத்திதான் அங்கே இருந்தேன். வாயைத் திறந்தேன். ஒரு வடையை எடுத்து வாய்க்குள் வைத்தேன். மாக்கிரட்டுக்கே பதில் இல்லையாம் என்று அடுத்த நாள் ஊரெல்லாம் பேச்சு. யோசேப்புக்காகக் கதைக்கப்போய் அவருடைய கழுத்தில் நானே கயிற்றை இறுக்கிவிட்டு வந்தேன். அன்று வீட்டுக்கு வந்து சட்டி பானையோடெல்லாம் கோபித்துக்கொண்டேன்.

அதன்பிறகு எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றது. யோசேப்பிடம் பழகிக்கொண்டிருந்த பெண்களைத் தகப்பன்மாரும் புருசன்மாரும் நிற்பாட்டினார்கள். பிறகு ஆண்களும் நின்றார்கள். டேனிஷ்காரரிடம் போன எங்கள் பெண்கள் சட்டம் விளங்காமல் லைசென்ஸ் சோதனையில் விழுந்தார்கள். இரண்டு பேர் அந்த எண்ணத்தையே விட்டுவிட்டு வீட்டில் இருந்துவிட்டார்கள். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் புஷ்பராணியோடு, அங்கே கூட வேலை செய்கிற எங்கள் பெண்கள் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவதை விட்டார்கள். அவளுடைய மகளை இனி யார் மருமகளாக எடுப்பார்கள் என்று வேறு ஒருத்தி கவலைப்பட்டாள். அந்தப் பிள்ளைக்குப் பதினைந்து வயது. புது இடத்துக்குப் போக வழியில்லாமல் அஜந்தினியின் வேலையும் போனது. இப்போது நடந்து போகிற தூரத்தில் ஒரு கடையைப் பின்னேரங்களில் துடைக்கிறாள். அது அரைநாள் வேலை. விசாவுக்கு அது கணக்கில் வராது. கார் பழக்குகிற பெண் ஒருத்தியை நான் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். இனிக் காரில் ஏறமாட்டேன் என்றுவிட்டாள். எத்தனையோ வருடத்துக்கு முன் ஒரு வீட்டுக்குள் யாரோ கொஞ்சப் பேர் செய்த வேலை இங்கே வந்து இவ்வளவு பேரின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டது. எந்தப் போர்க்குற்றக் கணக்கில் இதையெல்லாம் சேர்ப்பார்கள்?

யோசேப் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தார். முகத்தில் தாடி. தேத்தண்ணியை ஆறவிட்டார். அந்தப் பிள்ளையிடம் போய், தான் என்ன பிழை செய்தார் என்று கேட்டுச் சொல்லும்படி கேட்டார். தங்கச்சியின் படத்தைக் காட்டினது பிழையா, அந்தக் காலத்தை நினைவூட்டினது பிழையா, எதுவென்றாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். படத்தைக் கண்டு ஓடியது என்றால் தங்கச்சியைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்கும் என்று இந்த மனிதருக்குப் படவில்லையா என்று நினைத்தேன். படவில்லை என்று சொல்லமுடியாது. பட்டுவிடாமல் மனதை வேறு பக்கம் பிடித்துவைத்திருந்தார் என்றே எனக்குத் தோன்றியது.

"பேனாட்டைப் பொலிஸுக்குப் போகச் சொல்லுங்கோ அக்கா," என்றார். "பொலிஸ் எண்டால் என்னையும் ஒரு கேள்வி கேக்கும். எங்கட சனம் ஒருத்தரும் என்னை ஒரு கேள்வி கேக்கேல்லை."

நான் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வேறென்ன சொல்ல? அவர் போனபிறகு அந்தத் தேத்தண்ணியை ஊற்றும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஐப்பசி மாதம் ஸ்ரெபானியின் பிறந்த நாள் வரும். அந்த மாதத் தமிழ்ப் பூசையை யோசேப் ஒவ்வொரு வருடமும் அவளுக்காக ஒப்புக்கொடுப்பார். பூசை தொடங்குமுன், யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கிறார்கள் என்கிற கருத்துகளை வாசிப்பது நான்தான். சத்தம் பெரிது என்பதற்காக அந்த வேலையை எனக்குத் தந்திருந்தார்கள். முதலில் உயிரோடு இருக்கிறவர்களுக்கான கருத்துகள், பிறகு இறந்தவர்களின் பெயர்கள். காணாமல் போனவர்களை வைத்திருக்கிற குடும்பங்கள் எந்தப் பக்கத்தில் பெயர் கொடுக்கிறார்கள் என்பதைச் சனம் கவனமாகக் கேட்கும். யோசேப் எப்போதும் உயிருள்ளவர்களோடுதான் கொடுப்பார். சகோதரி ஸ்ரெபானி சுகமாக வீடு திரும்ப என்று வாசிப்பேன். மன்னாரில் அவர்களுடைய அம்மா இன்னும் இருக்கிறா. அந்த மனுசி மகளுக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறாவாம்.

பூசைக்கு முதல் நாள் அஜந்தினி நடந்தே என் வீட்டுக்கு வந்தாள். ஸ்ரெபானியின் பெயரை இந்த முறை இறந்தவர்களோடு வாசிக்கும்படி கேட்டாள். யார் கொடுத்தது என்று சொல்லவேண்டாம். அவர் தேடுவதையாவது விடட்டும், தன்னால் வேறொன்றும் செய்ய முடியவில்லை என்றாள். உனக்குப் பைத்தியமா, ஒரு மனிதனின் தலையில் கோயிலுக்குள் வைத்து இப்படியா இடியைப் போடுவது என்று ஏசினேன். ஏச்சை எல்லாம் வாங்கிக்கொண்டு நின்றாள்.

"தண்ணி கேட்டவ அக்கா," என்றாள். "என்னட்டை இருக்கேல்லை. அவவுக்கு ஒரு பூசையாவது வேணும்."

நான் முடியாது என்றுதான் சொல்லி அனுப்பினேன்.

அன்று கோயில் நிறைந்த சனம். யோசேப்பும் புஷ்பராணியும் பிள்ளைகளும் ஒரு நீள வாங்கில் இருந்தார்கள். அதில் இன்னும் நாலு பேருக்கு இடம் இருந்தது. பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் மைக்குக்கு முன்னால் போய் உயிருள்ளவர்களின் கருத்துகளை வாசிக்கத் தொடங்கினேன். சோதனை எழுதுகிற பிள்ளைகள், ஒப்பரேஷனுக்குப் போகிறவர்கள், புது வீடு வாங்கினவர்கள். ஸ்ரெபானியின் பெயர் வந்தது. யோசேப் தலையை நிமிர்த்தினார். சுகமாக வீடு திரும்ப என்று வாசிக்க வேண்டும். பீடத்துக்கு முன்னால் நின்று அந்தப் பொய்யைச் சொல்ல என் நாக்கு எழவில்லை. அப்படியே விட்டுவிட்டு அடுத்ததை வாசித்தேன். அதற்குப்பிறகு இறந்தவர்களின் பெயர்கள். எல்லாம் முடிந்தபின், யோசித்தேன் என்றும் சொல்ல முடியாது, யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது, ஸ்ரெபானியின் பெயரைச் சொன்னேன். அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக என்றேன். என் குரல் எனக்கே கேட்டது.

கொஞ்சம் சலசலப்பு. பிறகு பாட்டுத் தொடங்கியது. பூசை முடிந்ததும் முதலில் என்னிடம் ஓடிவந்தவள் றெஜினா. உயிரோடு தேடுகிற பிள்ளையைச் செத்தவர்களோடு வாசித்துவிட்டீர்களே, கண்ணாடியை மாற்றுங்கோ அக்கா என்றாள். வேறு சிலரும் அதையே சொன்னார்கள். வயது போய்விட்டது, தடுமாறிவிட்டா என்று என்னில் இரக்கப்பட்டார்கள். எல்லோருக்கும் அது ஒரு பிழையாகவே பட்டது. எனக்கு அது வசதியாகவும் இருந்தது, நெஞ்சில் குத்தவும் செய்தது.

யோசேப் கார் நிறுத்துமிடத்தில் எனக்காக நின்றார். பிழையாக வாசித்தீர்களா அக்கா என்று கேட்டார். இல்லை என்றேன். கையில் இருந்த கார்த் திறப்பை உருட்டிக்கொண்டு நின்றார். எங்களுக்கு எதிரே அஜந்தினி குழந்தையைப் பின் சீற்றில் இருத்திப் பெல்ட் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய கை பெல்ட்டின் கொழுவியைத் தேடித் தேடித் தவறியது. யோசேப் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வையில் எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கி வருவதை நான் பக்கத்தில் நின்று கண்டேன்.

"அந்தப் பிள்ளையும் அங்கை இருந்ததோ?" என்றார்.

 பேசவேண்டாம் என்று அவரே கையைக் காட்டினார். அந்த நேரம் பார்த்து பேனாட், இன்னும் அவளைத்தான் பார்க்கிறாய் என்ன நாயே என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினான். சனம் திரும்பியது. யோசேப் வாயைத் திறந்திருந்தால் ஒரே வசனத்தில் தன் பெயரை மீட்டிருக்கலாம். கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். குற்றம் செய்தவன் கண்ணைத் தாழ்த்துகிறான் என்று அன்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

அவர்கள் போனபிறகு யோசேப் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். தங்கச்சியை எந்த மண்ணில் தாட்டார்கள் என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். அம்மாவுக்கு ஒரு இடத்தைக் காட்டவேண்டும், ஒரு மெழுகுதிரி கொளுத்த என்றார். நான் அடுத்த நாள் அந்தக் கடைக்குப் போனேன். நான் சொன்னதை அஜந்தினி தும்புத்தடியைப் பிடித்தபடி நின்று கேட்டாள். தடியைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"தெரியாது அக்கா. மடியிலை இருந்து அவவை இழுத்துக்கொண்டு போனவங்கள். வாகனச் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் போனதெண்டும் எனக்குத் தெரியேல்லை."

அதைத்தான் கொண்டுபோய் யோசேப்பிடம் சொன்னேன். அவருடைய வீட்டில் பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். காரை விற்றாகிவிட்டது. எஸ்பியர்க்கில் மீன் வெட்டுகிற இடத்தில் வேலை கிடைத்திருந்தது. அங்கே போனால் கதை பின்னால் வராதா என்று நான் கேட்கவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தெரியாதாம் என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, அரைவாசி ஒட்டிய ஒரு பெட்டியின் மேல் இருந்தார்.

"இடம் இல்லாமல் அம்மாவுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றார். பிறகு, "அடுத்த முறையும் பழையபடியே வாசியுங்கோ அக்கா. உயிரோடை இருக்கிற ஆக்களோடை."

வாசித்தேன். சகோதரி ஸ்ரெபானி சுகமாக வீடு திரும்ப என்று, ஒரு எழுத்தும் தடுக்காமல் வாசித்தேன். மூன்றாவது வாங்கில் அஜந்தினி, பேனாட்டுக்குப் பக்கத்தில், மகளின் தலைமயிரைக் கோதிக்கொண்டிருந்தாள். பூசை முடிந்ததும் றெஜினா வந்து என் கையைப் பிடித்து, இந்த முறை ஒரு பிழையும் விடவில்லை அக்கா என்று பாராட்டிவிட்டுப் போனாள்.